அலமாரியில் சிவப்பு இல்லாத நாள்

ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. நான் ஓய்வு பெற்றபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். போன மாதம் உங்களில் ஒரு பெண் கண்ணெல்லாம் சிவந்து என் வீட்டுக்கு வந்தாள். எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு ஃபோல்டரைத் திறக்கப் போயிருக்கிறாள். கை இழுபட்டு அது பக்கத்திலிருந்த இன்னொரு ஃபோல்டருக்குள் போய் விழுந்துவிட்டது. விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வார்டு முழுவதற்கும் பழைய விவரம் எதுவும் இல்லை என்று திரை சொல்ல, மற்றவர்கள் அதை நம்பி வேலை பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மத்தியானத்துக்குமேல் யாரோ கண்டுபிடித்துத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார்கள்.

"நான் இந்த வேலைக்கு லாயக்கில்லீங்களாம்மா?" என்று கேட்டாள்.

டீ போட்டுக் கொடுத்து உட்கார வைத்து அவளுக்கு ஒரு விஷயம் சொன்னேன். அதையே எழுதித் தரச் சொல்லி உங்கள் மேலாளர் கேட்டிருக்கிறார்.

பலர் கைபோகும் இடத்தில் பொருள் இடம் மாறத்தான் செய்யும். அலமாரியானாலும் கம்ப்யூட்டரானாலும் இதில் வித்தியாசம் இல்லை. கவனமாக இருங்கள் என்று சொல்வது சுலபம். கவனமாக இருப்பவர்களின் கையும் ஒருநாள் இழுபடும். நாம் சம்பளம் வாங்குவது அதற்கு அடுத்த கட்டத்துக்காக. தேடிய பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதபோது நாம் என்ன சொல்கிறோம், என்ன செய்கிறோம் என்பதற்காக.

எழுபதுகளில் நான் உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தேன். தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். ஒரு கோடியில் எஸ்டேட் ஆபீஸ், மறு கோடியில் ஆஸ்பத்திரி, நடுவில் ரெக்கார்டு அறை. அந்த மலையில் மழைக்காலத்தில் காகிதம் அப்பளம்போல நமுத்துப்போகும். ஈரம் ஏறாத அறை அது ஒன்றுதான் என்பதால் ஆபீஸ் ஃபைல்களும் எங்கள் ஃபைல்களும் அங்கேயே ஒன்றாகக் குடியிருந்தன. அறைக்கு இரண்டு பக்கமும் கதவு. இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள், எடுப்பார்கள், வைப்பார்கள்.

தொழிலாளர் குடியிருப்பை அங்கே லயம் என்பார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கு ஒரு ஃபைல். அந்த வீட்டில் உள்ள அத்தனை பேருடைய சீட்டுகளும் அதற்குள் இருக்கும். வீட்டு வரிசைப்படியே ஃபைல்களை அடுக்கியிருந்தோம். பெயர் வரிசையில் அடுக்கியிருந்தால் மாரியம்மாக்களே ஒரு தட்டை நிறைத்திருப்பார்கள். கல்யாணமாகி ஒரு பெண் வேறு வீட்டுக்குப் போனால் அவளுடைய சீட்டும் அந்த வீட்டு ஃபைலுக்குப் போய்விடும். யாருக்காவது பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால் அந்த வீட்டு ஃபைலைச் சிவப்பு நூலால் சுற்றிக் கட்டிவிடுவோம். ஃபைலைத் திறக்கும் முன்பே கை நிற்க வேண்டும் என்பதற்காக. எனக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்த பழக்கம் அது. ஆஸ்பத்திரிப் பக்கம் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆபீஸ் பக்கம் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் என்பதால் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்த என் வீட்டுக்காரர் மூலம் இந்த வேலை கிடைத்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளைச் சரிவுக்குக் கீழே இருந்த எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வருவேன். வந்தபிறகும் மனசு பாதி அங்கேயே இருக்கும். பால் குடித்தாளா, சாக்கு விரிப்பு ஈரமாக இருக்குமோ, ஆயா கதவை மூடினாளா. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கவலை. அந்த வயதுப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசும்போது என் மகள் அம்மா, பூ, வா என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பேசினாள். என்னால்தானோ, நான் வேலைக்குப் போவதால்தானோ என்று தினமும் நினைப்பேன்.

அந்தக் கவலை வேலையிலும் ஒட்டிக்கொண்டது. செய்ததை மறுபடி பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ரெக்கார்டு அறையைப் பூட்டிவிட்டுச் சரிவில் பாதி தூரம் இறங்கியவள் திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். எஸ்டேட் ஆபீஸில் பெரிய கிளார்க் என்று ஒருவர் இருந்தார். பாலக்காட்டு டவுனில் கோயில் தெருக்காரர். நெற்றியில் திருநீறும் காதில் பென்சிலுமாக இருப்பார். அவருக்கு நான் நல்ல பொழுதுபோக்கு.

"மறுபடியும் வந்துட்டியா? பூட்டு உன்னப் பார்த்துச் சிரிக்கறது, கேட்டியோ?"

"இல்லீங்க சார், சும்மா ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு."

"நீ பூட்டினத நீயே நம்பலைன்னா பூட்டு என்ன பண்ணும், பாவம்."

கிண்டல் செய்வாரே தவிரக் கெட்டவர் இல்லை. என் மகள் பேசாததைப் பார்த்து, "விஜயதசமியன்னிக்கு எழுத்துக்கு இருத்திடலாம். நானே கையப் பிடிச்சு எழுத வைக்கறேன். நாக்குல சரஸ்வதி வந்து உக்காந்துப்பா பாரு" என்று சொன்னவர் அவர்தான். அந்த வார்த்தையை நான் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அஷ்டமி சாயங்காலம் புத்தகமும் கருவியும் பூஜைக்கு வைத்தால் நவமி முழுவதும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். ஆபீஸ் முன்னறையில் பெரிய கிளார்க்தான் வருஷா வருஷம் வைப்பார். சரஸ்வதி படம், அதன் முன்னால் கணக்குப் புத்தகங்கள், டைப்ரைட்டர், மைக்கூடு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பட்டுத் துணி. அந்த அஷ்டமியன்று மகளின் புது சிலேட்டை அவரிடம் கொடுத்தேன். அதற்குச் சிவப்புச் சரடு சுற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி வைத்தார். காப்பகத்தில் ஆயா காத்திருப்பாளே என்று நான் உடனே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் நவமி. தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கெல்லாம் வாழைக்கன்றும் மாலையும் கட்டியிருந்தார்கள். ஆபீஸ் மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. எங்கள் டாக்டரும் கம்பவுண்டரும் ஊருக்குப் போயிருந்தார்கள். வேறொரு எஸ்டேட்டிலிருந்து மலையாளி டாக்டர் ஒருவர் மாற்றுக்கு வந்திருந்தார். அவரும் ஒரு நர்ஸும் நானும்தான்.

மத்தியானத்துக்கு முன்னால் மேல் லயத்துச் சுடலை தன் மனைவி பேச்சியம்மாளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இரண்டு பேருடன் வந்தான். அவளுக்கு என்னைவிடச் சின்ன வயது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி காலில் கிழித்திருந்தது. கால் முழங்கால்வரை வீங்கி, தொடையை நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. கண் திறந்திருந்தும் எதிரில் இருப்பவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நேத்தே வாடின்னு சொன்னேன்யா. பூசை முடியட்டும்னுட்டா. மஞ்சளை அப்பிக்கிட்டுக் கெடந்தா. இப்ப நா என்ன செய்ய?" என்றான் சுடலை.

டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய முகம் இறுகியது. "இவளுக்கு முன்னே பென்சிலின் ஊசி போட்டிட்டுண்டோ? போட்டு ஏதாவது பிரச்சினை வந்ததோ?"

"எனக்கெங்கய்யா தெரியும்? தையிலதான கல்யாணமாச்சு. அவ ஆத்தாளக் கேக்கணும். அது கீழ் டிவிஷன்ல இருக்கு."

"அதுவரை காக்கான் நேரம் இல்லா. ஃபைல் எடுக்கு."

ரெக்கார்டு அறைக்கு ஓடினேன். மேல் லயத்துத் தட்டில் சுடலை வீட்டுக்கு முந்தின வீட்டு ஃபைல் இருந்தது. அடுத்த வீட்டு ஃபைலும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லை.

"சார், அந்த வீட்டு ஃபைலக் காணமுங்க."

"காணலேன்னா புதுசு ஒண்ணு போடு. மதி. எனக்கு ஆளை நோக்கணும், பேப்பரை அல்ல."

அதுதான் எங்கள் நடைமுறையும். ஃபைல் இல்லையென்றால் புதிய ஆள், பழைய விவரம் ஏதும் இல்லை என்று வைத்துக்கொண்டு புது ஃபைல் போடுவோம். டாக்டர் தவறாக எதுவும் சொல்லவில்லை. நர்ஸ் மருந்துப் புட்டியில் தண்ணீர் விட்டுக் குலுக்கத் தொடங்கிவிட்டாள். "முதல்ல கொஞ்சமா டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

புது உறையை எடுத்து மேல் லயம் என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. சுடலையின் அப்பா அதே வீட்டில் இருந்து வேலை பார்த்து இறந்தவர். அந்த வீட்டுக்கு ஃபைல் இல்லாமல் இருக்க முடியாது. என் வழக்கமான பயம் முதலில் வந்தது. நான்தான் எங்கேயாவது மாற்றி வைத்தேனோ? போன வாரம் எடுத்தேனா? தட்டு மாறிப் போயிருக்குமோ? புது உறையை மேஜைமேல் விட்டுவிட்டு மறுபடி அந்த அறைக்குப் போனேன். பூட்டை இரண்டாம் தடவை இழுத்துப் பார்க்கப் போகிற அதே கால்தான்.

இந்தத் தடவை அலமாரியின் பக்கத்தில் போகவில்லை. வாசலில் நின்று முழுவதையும் பார்த்தேன். அலமாரி அழகாக இருந்தது. பூஜைக்காகத் தூசி தட்டியிருந்தார்கள். பழுப்பு உறைகள் ஒரே சீராக, மேலிருந்து கீழ்வரை நின்றன. அந்த அழகுதான் உறுத்தியது. தினமும் பார்த்த அலமாரியில் அங்கங்கே சிவப்பு தெரியும். இப்போது ஒரு தட்டில்கூடச் சிவப்பு இல்லை.

திரும்பி ஓடினேன். ஊசி டாக்டரின் கையில் இருந்தது.

"சார், போடாதீங்க."

"எந்தா?"

"பென்சிலின் ஆகாதவங்க ஃபைலுக்கு நாங்க செகப்பு நூல் கட்டி வெப்பமுங்க. அலமாரில செகப்பு நூல் கட்டினது ஒண்ணுகூட இல்லீங்க. இவங்க ஊட்டு ஃபைலும் இல்லீங்க. எல்லாம் சேந்தாப்புல எங்கயோ போயிருக்குதுங்க."

"இவளுக்கு ஆகாதுன்னு தெரியுமோ?"

"தெரியாதுங்க. ஆகும்னும் தெரியாதுங்க."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்தார். "வேகம் தேடு. நான் காலைக் கழுவித் திறக்கறேன். அதுக்கு மேலே காக்க மாட்டேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அன்று நான் சொன்னதில் உருப்படியான ஒரு விஷயம் உண்டென்றால், தெரியாததைத் தெரியாது என்று சொன்னதுதான். 'இல்லை' என்பது வேறு, 'கிடைக்கவில்லை' என்பது வேறு. திரையில் ஒன்றும் வரவில்லையென்றால் நீங்கள் டாக்டரிடம் பழைய விவரம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர் முடிவு செய்வார். ஊசியைக் கீழே வைத்தது அவர்தான், நான் இல்லை.

சரி, எங்கே தேடுவது? திருடுகிறவன் நோயாளிகளின் ஃபைலைத் திருடமாட்டான். சிவப்பு நூல் கட்டியதை மட்டும் பொறுக்கி எடுத்தவருக்கு அந்த நூல் ஏதோ சொல்லியிருக்கிறது. எங்களுக்குச் சொன்னதை அல்ல, வேறொன்றை. அப்போது மகளின் சிலேட்டு நினைவுக்கு வந்தது. அதைச் சுற்றியிருந்த சரடும் அதே சிவப்பு.

ஆபீஸ் முன்னறையில், பூஜைக்காக மட்டும் வந்திருந்த பெரிய கிளார்க் பலகைமேல் உட்கார்ந்து ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டுத் துணி மூடிய அடுக்கு அந்த வருஷம் வழக்கத்தைவிட உயரமாக இருந்தது.

"சார், ஆஸ்பத்திரி ஃபைல் ஏதாவது பூஜைல வெச்சீங்களா?"

"வச்சேனே. நேத்திக்கு நீ போனப்பறம் எங்க பக்கக் கதவு வழியாப் போய்ப் பார்த்தேன். அழகா நூல் சுத்தித் தயாரா வச்சிருந்தே. சமத்துப் பொண்ணுன்னு நெனச்சுண்டேன். தூசி தட்டச்சே எல்லாத்தையும் எடுத்துண்டு வந்துட்டேன். மிச்சத்த சரியா நெருக்கி அடுக்கியாச்சு. எடம் காலியா இருந்தா நன்னா இருக்காதோன்னோ."

"அது இப்ப வேணுமுங்க."

"இப்பவா? நவமியாக்கும் இன்னிக்கு. பூஜை வச்சதத் தொடப்படாது. நாளைக் காத்தால எடுத்துக்கோ."

"நாளைக்கு ஆகாதுங்க சார். ஒரு பொம்பளைக்கு ஊசி போடணும்."

"ஊசி டாக்டர்னா போடணும், ஃபைலா போடறது?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இத பாரு. நாளைக்கு உன் கொழந்தைய எழுத்துக்கு இருத்தறது இதே படத்துக்கு முன்னாடியாக்கும். அவ சிலேட்டும் உள்ள இருக்கு. வாய் தெறக்கணும்னு வேண்டிண்டு வச்சிருக்கோம். நடுவுல கலைக்கலாமா? யோசிச்சுப் பண்ணு. உனக்காகச் சொல்றேன்."

மிரட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே என் மகளை நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் என் கால் அங்கேயே நின்றுவிட்டது. துணியின் ஓரத்தில் சிலேட்டின் மரச்சட்டம் கொஞ்சம் தெரிந்தது. நான் துணியை விலக்கி, அதனால் என் பிள்ளை பேசாமலே போய்விட்டால்? வாழ்நாள் முழுவதும் இந்தத் துணியைத்தானே நினைப்பேன்? அப்படி நினைக்கும் ஆள்தான் நான். என்னை எனக்குத் தெரியும்.

பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். சாமிக்குக் கோபம் வருமா என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு ஊசி ஆகுமா என்பதும் தெரியாது. ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் இந்தத் துணிக்குக் கீழே இருக்கிறது. கை நீட்டினால் எடுக்கலாம். கைக்கு எட்டும் பதிலை எடுக்காமல் நான் திரும்பிப் போக முடியாது.

"சார், நாங்க செகப்பு நூல் கட்டறது பூஜைக்கில்லீங்க. இந்த ஊட்டு ஆளுக்குப் பென்சிலின் போட்டா உசுரு போயிருமுன்னு அடையாளமுங்க."

நான் கும்பிட்டுவிட்டுத் துணியை விலக்கினேன். சிலேட்டை இரண்டு கையாலும் எடுத்துத் தனியாக வைத்தேன். அதன்கீழே எங்கள் ஃபைல்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். மேல் லயம், சுடலை வீடு. உருவிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரே நூலை அறுத்துத் திறந்தார். மாமனாருடைய சீட்டு, மாமியாருடைய சீட்டு, கடைசியில், கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் கம்பவுண்டர் சேர்த்து நூல் கட்டியிருந்த பேச்சியம்மாளுடைய சீட்டு. கீழ் டிவிஷனில் அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது எழுதியது. பென்சிலின் டெஸ்ட் டோஸ் போட்ட உடனே மூச்சு முட்டி மயங்கி விழுந்தாள், இனி ஒருபோதும் கூடாது என்று எங்கள் டாக்டரின் கையெழுத்தில் இருந்தது.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். தட்டில் இருந்த ஊசியை நர்ஸிடம் நீட்டி, "இது களை" என்று கொட்டிவிடச் சொன்னார். பிறகு புண்ணை நன்றாகத் திறந்து சீழை எடுத்தார். இருந்த டெட்ராசைக்ளின் மாத்திரையைக் கொடுத்தார். வேறு மருந்து வாங்கிவர எஸ்டேட் ஜீப்பைக் கீழே அனுப்பினார். சுடலைக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. "ஊசி வேண்டாமாய்யா? ஊசி போட்டாத்தான கேக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கை கழுவும்போதுதான் டாக்டருக்குக் கோபம் வந்தது. "ஆரு செஞ்சது இது? பேரு எழுதித் தா. மானேஜரைக் காணட்டே."

"எழுதித் தர்றனுங்க சார். அதுக்கு முன்னால மிச்ச ஃபைல அலமாரில வெச்சரட்டுங்களா? அடுத்த ஆளு இப்ப வந்தாலும் இதே கதைதானுங்க."

அவர் தலையாட்டினார். தொலைந்த ஒன்று கிடைத்ததும் வேலை முடிந்தது என்று மனசு உட்கார்ந்துவிடும். அப்போதுதான் எழுந்திருக்க வேண்டும். அதனோடு சேர்ந்து போனவை இன்னும் வெளியேதான் இருக்கின்றன.

ரெக்கார்டு அறைக்குப் போனபோது ஆபீஸ் பக்கத்துக் கதவு திறந்தது. பெரிய கிளார்க் இரண்டு கையிலும் ஃபைல்களை அணைத்துக்கொண்டு வந்தார். வைத்த பூஜையை அவரே கலைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு?"

"ஊசி போடலீங்க. பொழச்சுக்குவான்னு டாக்டர் சொல்றாருங்க."

"அவளுக்குத்தானா அது?"

"ஆமாங்க."

அவர் அலமாரியின் பக்கத்தில் போய் நின்றார். பிறகு, "எந்த வீடு எங்கன்னு சொல்லு. நான் வைக்கறேன்" என்றார். நான் சொல்லச் சொல்ல, தான் நெருக்கி அடுக்கிய தட்டுகளை ஒவ்வொன்றாக விலக்கி வைத்தார். முடிந்தபின் நான் வாசலில் நின்று பார்த்தேன். அங்கங்கே சிவப்பு தெரிந்தது. அவரும் என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"டாக்டர் பேரு கேட்டிருப்பாரே. என் பேரையே எழுது. பயப்படாதே."

எழுதினேன். பெரிய கிளார்க் எடுத்து வைத்தார், நூலின் அர்த்தத்தை ஆஸ்பத்திரி பக்கம் ஆபீஸ் பக்கத்துக்குச் சொல்லியிருக்கவில்லை, எடுக்கும் முன் ஆபீஸ் பக்கம் எங்களிடம் கேட்கவில்லை என்று மூன்றையும் எழுதினேன். அவர் படித்துப் பார்த்து என் கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டார். டாக்டரும் மானேஜரும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மறைத்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

மறுநாள் விஜயதசமி. மகளுக்குப் புதுப் பாவாடை கட்டி முன்னறைக்குக் கூட்டிப் போனேன். இராத்திரி பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல் தணிந்து, காலையில் கஞ்சி கேட்டிருந்தாள். தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருந்தது. பெரிய கிளார்க் குளித்துத் திருநீறு இட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் குழந்தையின் கையைப் பிடிக்கவில்லை.

"டாக்டரக் கூப்பிட்டு எழுத வைப்போமா? படிச்சவர். என் கை வேண்டாம்னு தோணறது."

"உங்க கைதானுங்க சார் வேணும்."

"பயமா இல்லையோ உனக்கு? பூட்டக்கூட நம்பாதவளாச்சே நீ."

"பூட்ட இன்னமும் நம்பறதில்லீங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் விரலைப் பிடித்தார். அவள் அரிசியில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு கையை விடுவித்து ஒரு பிடி அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சிரிக்க, அவர் பொறுமையாக அரிசியைச் சமன்செய்து மறுபடி பிடித்தார். அன்று அவள் நாக்கில் யாரும் வந்து உட்காரவில்லை. அவள் பேச வேண்டிய காலத்தில் பேசினாள். இப்போது போனை வைக்கச் சொல்லி நான்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அந்த வாரமே பெரிய கிளார்க் ஒரு கறுப்பு நூல்கண்டோடு ரெக்கார்டு அறைக்கு வந்தார். "இத எவனும் சாமிகிட்ட கொண்டுபோய் வைக்கமாட்டான். நான்கூட" என்றார். எங்கள் டாக்டரும் திரும்பி வந்து சரி என்றார். எல்லாச் சிவப்பு நூலையும் அவிழ்த்துக் கறுப்பு கட்டினோம். அதன் அர்த்தத்தை அறையின் இரண்டு கதவிலும் எழுதி ஒட்டினோம். நாம் வைக்கும் அடையாளம் நமக்குப் புரிந்தால் போதாது. அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத நல்ல மனிதர் ஒருவர் வந்தால் அவருடைய கை எங்கே போகும் என்று யோசித்து வைக்க வேண்டும். சுடலை வீட்டு ஃபைலைக் கட்டும்போது அதிலிருந்த குங்குமத்தைத் துடைக்க அவர் துண்டை எடுத்தார். இருக்கட்டும் என்று நான் தடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்கு வந்த பெண்ணிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்று கேட்டேன்.

"உன் ஃபோல்டர் திரும்ப அதோட எடத்துக்கு வந்துருச்சல்ல கண்ணு? உள்ள இருந்ததெல்லாம் முழுசா வந்துருச்சான்னு பாத்தயா? அது வெளிய இருந்த நேரத்துல யாராவது புதுசு போட்டிருந்தா, அதைச் சேத்தாச்சா?"

அவள் முகம் மாறியது. "பாக்கலீங்கம்மா."

"டீயக் குடிச்சுட்டுப் போய்ப் பாரு."

அவள் டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். வாசல் கேட்டைத் தாண்டிப் போனவள், திரும்பி வந்து அதைத் தாழ் போட்டோமா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். லாயக்கா என்று கேட்டாளே, அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.